குழலுக்கும் கட்டைக்கும் நடுவே

கல்யாணி அக்காவுக்குத் தொழிற்சாலையில் வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் 'கஸ்டம்ஸ்'. எந்தச் சரக்கும் அவரைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். நாங்கள் குடியிருக்கும் குவேக்கர்ஸ் ஹில்லிலிருந்து பத்து நிமிடத்தில் இருக்கிறது அந்த இடம். பம்பு உதிரிபாகங்கள் செய்கிறார்கள். கடைசல் முடிந்து வருகிற தண்டுகளை அளந்து, தேறியதைத் தட்டிலும் தேறாததைச் சிவப்புப் பெட்டியிலும் போடுவது அக்காவின் வேலை. சிவப்புப் பெட்டியில் விழுந்ததைப் பற்றி மேலாளரே வந்து கேட்டாலும், அளந்த தாளைக் காட்டிவிட்டு அடுத்த தண்டை எடுப்பார்.

அவருடைய வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஓர் அறை வீட்டில் நான் வாடகைக்கு இருக்கிறேன். அவருடைய கணவர் ராகவேந்திரா அண்ணன் ரயில் பெட்டிகளின் பிரேக்குகளைப் பழுது பார்ப்பவர். இருவருக்கும் ஊர் கோயம்புத்தூர். அண்ணனுடைய குடும்பம் மூன்று தலைமுறையாக லேத் பட்டறை வைத்திருந்தது. அக்காவுடைய அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தவர்.

அக்காவிடம் துப்பாக்கி இருக்கிறது என்று முதலில் கேள்விப்பட்டபோது உரிமம் இருக்கிறதா என்றுதான் கேட்டேன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் துப்பாக்கி என்றால் போலீஸ்காரர் தோளில் தொங்குவதுதான். உரிமம், கிளப், பூட்டிய இரும்புப் பெட்டகம், சாவி அக்காவிடம் மட்டும் என்று எல்லாம் முறைப்படி இருந்தது. மிகச் சிறிய தோட்டா போடும் துப்பாக்கி அது. பாயிண்ட் டூ டூ என்பார்கள். ஐம்பது மீட்டரில் குறிப்பலகையைச் சுடத்தான் பெரும்பாலானவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். அக்கா சுடுவது இருநூறு மீட்டரில்.

அவ்வளவு தூரம் என்பது அந்தத் தோட்டாவுக்குச் சுமைக்கு மேல் சுமை. போய்ச் சேர்வதற்குள் ஓர் ஆள் உயரத்துக்குத் தாழ்ந்துவிடும். சட்டைக் காலரை அசைக்கிற காற்று அடித்தாலே ஒரு சாணுக்கு மேல் விலகிவிடும். பெரிய துப்பாக்கிக்காரர்களைப் போல வெடிமருந்தை அளந்து தானே தோட்டா தயார் செய்துகொள்ளவும் வழியில்லை. விளிம்பில் மருந்து வைத்து ஆலையில் மூடியது மூடியதுதான். ஆகவே மிச்சம் இருக்கிற எல்லாவற்றையும் சரியாக்க வேண்டும். அக்காவுக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போனதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. கல்லூரியில் அவர் என்.சி.சி.யில் இருந்தவர். மாநில அணிக்கு ஆள் எடுக்கத் திருச்சியில் முகாம் போட்டார்கள். கையில் கொடுத்த துப்பாக்கியில் குழலைத் தாங்கும் மரக் கட்டை ஆடியது போல அவருக்குத் தோன்றியிருக்கிறது. சொன்னார். யாரும் பார்க்கவில்லை. பத்துக் குண்டும் பத்துத் திசையில் போயின. 'கை நிலையில்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"நடுங்குனது என் கையா, ஆடுனது அந்தக் கட்டையான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது தம்பி," என்று ஒருமுறை சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அளக்காமல் விட்டுப்போன ஒரு தண்டைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

கடையில் விற்கிற நல்ல துப்பாக்கி ஒன்றை வாங்கியிருக்கலாம். அவர் வாங்கவில்லை. உரிமம் பெற்ற வியாபாரியிடம், தோட்டா போட்டு விசையை இழுக்கிற பழைய உடற்பகுதி ஒன்றைக் கட்டையோடு எடுத்து, புதுக் குழலை வரவழைத்து, அதைப் பொருத்துகிற வேலையை உரிமம் உள்ள துப்பாக்கிப் பட்டறையில் கொடுத்தார். மற்றதைத் தானே செய்தார். கட்டையில் உடற்பகுதி உட்காருகிற பள்ளத்தில் பிசின் ஊற்றி, எங்கேயும் ஆடாமல் அச்சு எடுத்தாற்போல உட்கார வைத்தார். இரண்டையும் சேர்க்க இரண்டே திருகுகள். அவற்றை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்கு அளவுகோல் வைத்த ஸ்பேனர். குழல் மட்டும் கட்டையின் எந்த இடத்திலும் படக்கூடாது. பட்டால், சுடும்போது குழல் அதிர்கிற அதிர்வு ஒவ்வொரு முறையும் வேறாகிவிடும். அதற்கு அவர் வைத்திருந்த சோதனை ஒரு துண்டுத் தாள். குழலுக்கும் கட்டைக்கும் நடுவே தாளை நுழைத்து முனையிலிருந்து அடிவரை இழுப்பார். தடங்கல் இல்லாமல் ஓட வேண்டும். வீட்டை விட்டுத் துப்பாக்கியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்வார்.

தோட்டாவுக்கு மட்டும் ஐந்து மாதம் போனது. ஒரே கம்பெனி, ஒரே பெட்டி நிறம், ஆனால் ஆலையில் ஒவ்வொரு தடவை தயாராகும் சரக்கும் ஒவ்வொரு விதம். ஏழு சரக்கை வாங்கிச் சுட்டுப் பார்த்து, அவருடைய குழலுக்கு ஒத்துப்போன ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார்.

அந்த வருடம் இங்கே எங்கள் மாநில அணியில் நான்கு இடங்கள். மூன்று நிரம்பிவிட்டன. நான்காவது இடத்துக்குக் கடைசித் தேர்வுப் போட்டி ஒரு சனிக்கிழமை காலை. உண்மையில் போட்டி இரண்டு பேருக்கு நடுவில்தான். அக்காவும், பக்கத்துப் புறநகரான டூங்கபியில் இருக்கிற சிறியும். சிறி யாழ்ப்பாணத்துக்காரர், குழாய் வேலை செய்பவர், வாயை மூடாதவர். இந்த இடம் கிடைத்தால் அக்கா அடுத்த மாதம் மெல்பர்னில் தேசியப் போட்டிக்குப் போவார். கிடைக்காவிட்டால் இன்னும் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும்.

ஆயுத பூஜை அந்த வாரம் புதன்கிழமை வந்தது.

ராகவேந்திரா அண்ணன் வீட்டில் ஆயுத பூஜை என்றால் எதையும் விடமாட்டார். கார் சாவி, லேப்டாப், புல் வெட்டும் இயந்திரம், மிக்ஸி, அக்காவின் மைக்ரோமீட்டர், என் கால்குலேட்டர் என்று எல்லாம் கூடத்துக்கு வந்தன. டூங்கபிக் கடையில் வாங்கிய பொரியும் கடலையும் ஒரு தாம்பாளத்தில் இருந்தன. எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த பிறகு, துப்பாக்கி எங்கே என்பது போல அண்ணன் அக்காவைப் பார்த்தார். அக்கா தயங்கினார். பிறகு பெட்டகத்தைத் திறந்து, சுடுவதற்கான உள்பாகத்தை உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு, வெறும் துப்பாக்கியை மட்டும் தன் கையிலேயே ஏந்தி நின்றார்.

"ஏங்க, கட்டையில ஒரு பொட்டு. அவ்வளவுதான். குழல் பக்கம் போயிராதீங்க."

"சாமி காரியத்துல கஞ்சத்தனம் எதுக்கு? எங்கப்பா லேத்துக்குக் கை நிறைய அப்புவாரு. முப்பது வருசம் ஓடுச்சு," என்றார் அண்ணன்.

ஒரு பொட்டு கட்டையில் வைத்தார். இன்னொன்றைக் கட்டைக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடுக்குக்கு மேலே, கொஞ்சம் தாராளமாகவே வைத்தார். பன்னீர் அதிகமாகிவிட்ட சந்தனம். அதன்மேல் குங்குமம். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு துப்பாக்கியைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார். பூஜையில் இருந்ததை மறுநாள் மறுபூஜை முடிகிறவரை யாரும் தொடக்கூடாது. வியாழக்கிழமையும் பெட்டகம் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை எடுத்து, ஈரத் துணியால் இரண்டு பொட்டையும் துடைத்துப் பையில் வைத்தார்.

தாளை நுழைத்துப் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை பார்த்திருந்தார். அதற்குப் பிறகு அது பூஜையில் அல்லவா இருந்தது. யாரும் தொடாத பொருள்.

போட்டித் திடல் நகரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில். நான் அண்ணனோடு பின்வரிசையில் நின்றேன். சுடுபவர்கள் வரிசையாகப் பாயில் படுத்துக்கொண்டார்கள். அக்காவுக்குப் பக்கத்துப் பாயில் சிறி. கட்டையில் ஒட்டியிருந்த லேசான சிவப்பை அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"என்னக்கா, துவக்குக்கும் குங்குமமோ? கலியாணம் கட்டிக் குடுத்திட்டியளோ?"

"உனக்கும் ஒரு பொட்டு வைக்கிறேன் சிறி. தோத்தப்புறம் கண்ணு படாம இருக்கும்."

"ஓம், ஓம். பாப்பம்."

நாற்பது குண்டுகள், அறுபது நிமிடம், குண்டுக்குப் பத்து வீதம் நானூறு புள்ளி. ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு சின்னத் திரை, குண்டு எங்கே பட்டது என்று காட்டும். அதே திரை பின்வரிசையில் எங்களுக்கும் தெரியும். விதி ஒன்றைத் தொடக்கத்திலேயே உரக்கப் படித்தார்கள். பின்னால் இருந்து யாரும் சுடுபவரிடம் ஒரு வார்த்தை பேசக்கூடாது, சைகை காட்டக்கூடாது. பேசினால் சுடுபவர் வெளியே.

முதல் பத்துக் குண்டில் அக்கா தொண்ணூற்றேழு எடுத்தார். சிறி தொண்ணூற்றைந்து. அண்ணன் என் தோளைத் தட்டினார். வெயில் கண்ணில் அடித்ததால் அக்கா துப்பாக்கியைச் சற்றுத் தூக்கி, கட்டையின் முன்பக்கத்தைத் தாங்கும் காலை ஒரு படி இறக்கினார். பிறகு பதினொன்றாவது குண்டு.

எட்டு.

அடுத்ததும் எட்டு. இரண்டும் வலது மேல் மூலையில். அக்கா காற்றுக்கொடியைப் பார்த்தார். கொடி தொங்கிக்கொண்டிருந்தது. குறிபார்க்கும் ஸ்கோப்பில் இரண்டு சொடுக்குத் திருப்பினார். ஏழு. திருப்பியதைத் திரும்பப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். ஒன்பது, ஆனால் இன்னும் மேலே.

"காத்தா?" என்று அண்ணனிடம் கேட்டேன்.

 திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தவருடைய வலது கை மெல்ல மேலே வந்தது. பெருவிரலையும் மோதிரவிரலையும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டார், பொட்டு வைப்பது போல. 

"தம்பி, அது காத்தில்ல. சந்தனம். உள்ள இறங்கியிருக்கு. இறங்கிக் காஞ்சுபோய்க் கட்டியா இருக்கு. இப்பத் துப்பாக்கியைத் தூக்கி நகத்துனாள்ல, அப்ப அது போய் இடுக்குல சிக்கிருச்சு."

அவருடைய தொழில் அது. பிரேக்குக்கு நடுவில் ஒரு மணல் சிக்கினாலும் சத்தத்தில் கண்டுபிடிக்கிறவர். எனக்கு அதில் சந்தேகமே எழவில்லை. அக்கா எங்களிடமிருந்து ஆறேழு அடிதான். கூப்பிட்டால் கேட்கும். ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் அவர் வெளியே. சொல்லாவிட்டால் ஒவ்வொரு குண்டாக வலது மேல் மூலைக்குப் போய்க்கொண்டிருக்கும்.

அண்ணன் ஓர் அடி முன்னால் வைத்தார். நான் அவருடைய சட்டையைப் பிடித்தேன். வரிசையை மேற்பார்த்துக்கொண்டிருந்த பெண் அதிகாரி எங்கள் பக்கம் திரும்பினார். அண்ணன் நின்றார். அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. பக்கத்துப் பாயில் சிறி நிதானமாகப் பத்து, பத்து, ஒன்பது என்று போய்க்கொண்டிருந்தார்.

இருமினால் திரும்புவாளா என்று அண்ணன் கேட்டார். அதுவும் சைகைதான் அண்ணே என்றேன். கைகளை அக்குளில் செருகிக்கொண்டார், தாமாக எதுவும் செய்துவிடக்கூடாது என்பது போல.

அக்கா அசையாமல் படுத்திருந்தார். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பக்கத்தில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். குண்டு வெளியேறிய கணத்தில் குறி எங்கே நின்றது என்று, திரையைப் பார்ப்பதற்கு முன்பே அதில் ஒரு புள்ளி வைப்பார். இப்போது அந்த நோட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். நோட்டில் நான்கு புள்ளிகளும் நடுவில். திரையில் நான்கும் ஓரத்தில். பிற்பாடு அவர் சொன்னது: இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது, எது என்று தெரியாமல் மூன்றாவது தடவை ஸ்கோப்பைத் திருப்புவதற்குத் தனக்குப் பயமாக இருந்தது.

இரண்டு குண்டுகளைச் செலவழிக்க முடிவு செய்தார். கொடி முழுக்கத் தொங்குகிற வரை காத்திருந்து, எதையும் மாற்றாமல், ஒன்றன்பின் ஒன்றாகச் சுட்டார். இரண்டுக்கும் நோட்டில் நட்டநடுவே புள்ளி. திரையில் ஒன்று எட்டு, மேலே. இன்னொன்று ஒன்பது, வலது பக்கம். ஆறு குண்டில் பதினொரு புள்ளி போயிருந்தது.

அக்கா துப்பாக்கியைத் திறந்து காலி செய்துவிட்டுக் கையை உயர்த்தினார்.

"கை என்னோடது சரியா இருக்கு," என்று தமிழில் சொன்னார். யாரிடமும் இல்லை. பிறகு அதிகாரியிடம் ஆங்கிலத்தில், துப்பாக்கியைச் சோதிக்க வேண்டும், நேரம் தன் கணக்கிலேயே ஓடட்டும் என்றார். அதிகாரி தலையசைத்தார்.

நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, நீளவாக்கில் மடித்து, குழலுக்கும் கட்டைக்கும் நடுவே நுழைத்தார். ஒரு சாண் தூரம் ஓடியது. நின்றது. மெல்ல இழுத்தார். வரவில்லை. எனக்குப் பக்கத்தில் அண்ணன் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

திருகுகளைக் கழற்றினால் கட்டியைச் சுலபமாக எடுத்துவிடலாம். ஆனால் கழற்றி மாட்டினால் குறி எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. மறுபடி சுட்டுச் சரிபார்க்க நேரமில்லை. அக்கா ஸ்பேனரைத் தொடவே இல்லை. இன்னொரு தாளை இரண்டாக மடித்து இன்னொரு பக்கமிருந்து செருகி, இரண்டு கையாலும் முன்னும் பின்னும் ரம்பம் இழுப்பது போல இழுத்தார். ஐந்து நிமிடம் போனது. ஆறு. தாள் கிழிந்தது. வேறு தாள். திடீரென்று தாள் சரசரவென்று ஓடி வெளியே வந்தது, அதோடு பாயில் மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. அரிசி அளவு ஒரு கட்டியும் விழுந்தது.

அதை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். அப்புறம் திரும்பி அண்ணனைப் பார்த்தார். ஒரு கணம்தான். அண்ணன் எழுந்து நிற்கவில்லை.

இருபத்து நான்கு குண்டு பாக்கி, இருபத்தைந்து நிமிடம்.  முதல் குண்டு பத்து. அடுத்தது பத்து. பிறகு காற்று எழுந்தது. கொடிகள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் ஆடின. அக்கா காத்திருப்பார், சுடுவார், புள்ளி வைப்பார், திரையைப் பார்ப்பார். நோட்டும் திரையும் இப்போது ஒன்றையே சொல்லின. அவசரமே இல்லாதவர் போலச் சுட்டார், கடிகாரத்தில் ஐம்பது வினாடி மிச்சம் இருக்கும்போது நாற்பதாவதை முடித்தார். இருபத்து நான்கு குண்டில் ஒன்பது புள்ளிதான் விட்டிருந்தார்.

மொத்தம் முந்நூற்று எழுபத்தேழு. சிறி முந்நூற்று எழுபத்தெட்டு.

வரிசை கலைந்ததும் அதிகாரியே அக்காவிடம் வந்தார். கருவியில் தடை ஏற்பட்டது, அது சுடுபவருடைய கட்டுப்பாட்டில் இல்லாதது என்று எழுதிக் கொடுத்தால், அந்த ஆறு குண்டையும் திரும்பச் சுட அனுமதிக்கலாம் என்றார். பிற்பகலில் திடல் காலியாகத்தான் இருக்கும். ஒரு படிவத்தை நீட்டினார். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று படிக்காமல் விடமாட்டேன். அதை வாங்கி அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். காரணத்தை எழுத ஒரு கட்டம். 'போட்டிக்கு முன் கருவியை நான் முறைப்படி சோதித்தேன்' என்று ஒரு வரி. அதன் கீழே கையெழுத்து.

அண்ணன் அக்காவின் பக்கத்தில் வந்து நின்றார். 

"எழுது கல்யாணி. வெச்சது நான். நீ வேண்டாம்னுதான் சொன்ன. என் பேரைப் போட்டு எழுது."

சிறி தொப்பியைக் கழற்றிக்கொண்டு அங்கேயே நின்றார். அவருக்கு நடந்தது தெரிந்துவிட்டது.

"எழுதுங்கோக்கா. நான் குறுக்கை நிக்கமாட்டன். இல்லாட்டி சனம் என்னைச் சாகும்வரைக்கும் சந்தனத்தாலை வெண்டவன் எண்டெல்லோ சொல்லும்."

யாரோ சிரித்தார்கள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. படிவத்தைப் பாயின் மேல் வைத்து, அந்த ஒரு வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். அவர் எழுதுவார் என்றுதான் நான் நினைத்தேன். எழுத வேண்டும் என்றும் நினைத்தேன். ஆறு குண்டு. அந்தக் கைக்கு அது ஒன்றுமே இல்லை.

"நேத்து தாள் விட்டுப் பாக்கலைங்க," என்றார் அண்ணனிடம். "பூஜையில இருந்ததுதானேன்னு விட்டுட்டேன்."

"அது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்ல."

"இந்த இடத்துக்கு ஆறு வருசம் பாடுபட்டிருக்கே, கல்யாணி. ஒரு பொய்கூட இல்ல இது. செவ்வாய்க்கிழமை பாத்தியே, அதைச் சோதிச்சேன்னு எழுதலாமே."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். "செவ்வாய்க்கிழமை அளந்த தண்டை மறுபடி அளக்காம வெள்ளிக்கிழமை அனுப்புனா நான் சிவப்புப் பெட்டியில போடுவேன்."

 அக்கா காரணக் கட்டத்தில் சின்ன எழுத்தில் இரண்டு வரி எழுதினார்: குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் அந்நியப் பொருள், புறப்படும் முன் நான் சோதிக்கவில்லை. முறைப்படி சோதித்தேன் என்ற வரியை ஒரு கோடு போட்டு அடித்து, கீழே கையெழுத்திட்டுக் கொடுத்தார். அதிகாரி வாசித்தார். இப்படி எழுதினால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று, இன்னொரு படிவம் வேண்டுமா என்று கேட்கிற குரலில் சொன்னார். தெரியும் என்றார் அக்கா.

சிறி கை கொடுத்தார். அக்கா அதைப் பிடித்துக்கொண்டு, மெல்பர்னில் காற்று பிற்பகலில் திசை மாறுமாம், காலையில் எடுத்த அளவை நம்பாதே என்றார். சிறி முதல்முறையாகப் பதில் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

திரும்பும்போது நான் பின்னிருக்கையில். அண்ணன் ஓட்டினார். எம்-ஃபோர் நெடுஞ்சாலையில் ஏறினோம். ஒரு லாரியைத் தாண்டி இடது தடத்துக்கு வந்தபிறகுதான் அண்ணன் கேட்டார்.

"மறுபடி சுட்டிருந்தா?"

"ஜெயிச்சிருப்பேன்," என்றார் அக்கா. பெருமையோ வருத்தமோ இல்லாமல், அளவைப் படித்துச் சொல்கிறவர் போல. "அதுல எனக்குத் துளி சந்தேகம் இல்ல."

அண்ணன் அவர் பக்கம் திரும்பிப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார், ரோட்டைப் பாருங்க என்று அக்கா சொல்லும்வரை பார்த்தார். அதற்குள் வீட்டுக்கு, குவேக்கர்ஸ் ஹில்லுக்குத் திரும்புகிற வழியை நாங்கள் தாண்டிவிட்டிருந்தோம்.